இல்லம் தேடி வந்த யோகம்

பூசையறையை அடுத்த மூலையில் சுருட்டி வைக்கப்பட்ட ஒரு விரிப்பு. அதிகாலையில் அதனை விரித்து அரை மணி நேரம் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் செய்யும் இல்லத்தரசி, அல்லது பணி ஓய்வு பெற்ற பெரியவர். மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இன்று இது வியப்புக்குரிய காட்சியன்று. ஆயினும் யோகத்தின் நெடிய வரலாற்றில் பெரும்பகுதிக் காலம் வீடு அதற்குரிய இடமாகக் கருதப்படவில்லை. குகையும் மடமும் ஆற்றங்கரையுமே அதற்குரிய இடங்களாக இருந்தன. மனைவி மக்களோடு வாழ்பவன் ஆலயம் தொழலாம், நாமம் செபிக்கலாம், தான தருமம் செய்யலாம். யோகம் துறவிக்கு உரியது என்பதே பரவலான எண்ணமாக இருந்தது. அத்தகைய யோகம் இல்லறத்தாரின் வீட்டுக்குள் எவ்வாறு வந்தது, யார் அதனைக் கொண்டு வந்தனர், வரும்போது எதனை வாசலுக்கு வெளியே விட்டு வந்தது என்பது அறியத்தக்க செய்தியாகும். அவ்வரலாற்றின் நடுவே சிரம்பான் வட்டாரத்து ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரி ஒன்றும் இடம்பெறுகின்றது என்பது இந்நாட்டு மெய்யன்பர்களுக்குத் தனி மகிழ்ச்சி தருவதாகும்.

பழைய நூல்களில் யோகம்

யோக நூல்களுள் தலையாயது பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம். தில்லைச் சிற்றம்பலத்தில் கூத்தப்பெருமானின் திருநடனத்தை வியாக்கிரபாதருடன் கண்டு வழிபட்டவர் பதஞ்சலி என்று நம் கோயில் மரபு போற்றுகின்றது. அவருடைய நூலில் 196 சூத்திரங்கள் உள்ளன. இன்று யோகம் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆசனமே. ஆனால் அந்நூலில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசும் சூத்திரங்கள் மூன்றே மூன்றுதாம். இருக்கை நிலையாகவும் சுகமாகவும் இருத்தல் வேண்டும் என்பதே அவற்றின் சாரம். காலை மடக்குவது எப்படி, தலைகீழாக நிற்பது எப்படி என்பதெல்லாம் அங்கே இல்லை. இயமம், நியமம் என்னும் ஒழுக்கங்களை முதற்படியாக வைத்துவிட்டுத்தான் பதஞ்சலியார் ஆசனத்துக்கே வருகின்றார். பொய்யாமை, கொல்லாமை, கள்ளாமை முதலியவற்றை விட்டுவிட்டு மூன்றாம் படியில் காலை வைப்பதற்கு அவர் வழி சொல்லவில்லை.

தமிழில் இத்துறைக்கு முதல் நூல் திருமூலரின் திருமந்திரம். ஒன்பது தந்திரங்களுள் மூன்றாம் தந்திரம் முழுவதும் யோகத்துக்கே உரியது. எட்டு உறுப்புகளையும் அடைவே கூறும் திருமூலர், பத்மம், பத்திரம், கோமுகம், வீரம், சுகம் முதலிய சில ஆசனங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இவையன்றி மேலும் பல உண்டு என்று கூறி மேற்செல்கின்றார். மூச்சுப் பயிற்சியில்தான் அவர் ஊன்றி நிற்கின்றார். உள்ளிழுத்தலுக்குப் பதினாறு மாத்திரை, அடக்குதலுக்கு அறுபத்து நான்கு, வெளிவிடுதலுக்கு முப்பத்திரண்டு என்று அவர் வகுத்த அளவை நம்மவர் பலரும் கேள்விப்பட்டிருப்பர். அந்த அளவு, பழகி முதிர்ந்தவருக்கு உரியது. புதிதாகத் தொடங்குபவர் ஏட்டைப் பார்த்து அதனை மேற்கொண்டால் நெஞ்சடைப்பும் தலைச்சுற்றலுமே மிஞ்சும்.

உடலைப் பலவாறு வளைத்து நிறுத்தும் ஆசனங்களை விரித்துரைப்பவை பிற்காலத்து ஹடயோக நூல்களாகும். பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சுவாத்மாராமரின் ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விளக்குகின்றது. அதற்குப் பிந்திய கேரண்ட சம்ஹிதை 32 ஆசனங்களைக் கூறுகின்றது. யோகி எத்தகைய இடத்தில் பயிலவேண்டும் என்பதைச் சுவாத்மாராமர் நுணுக்கமாகச் சொல்கின்றார். நல்லாட்சி நடக்கின்ற, பிச்சை எளிதிற் கிடைக்கின்ற நாட்டில், சிறிய வாயிலும் சாளரமற்ற சுவர்களும் கொண்டு, சாணத்தால் மெழுகப்பெற்ற தூய குடிலில் தனித்திருத்தல் வேண்டுமாம். இந்தக் குடிலில் சமையலறை இல்லை, தொட்டில் இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் பிள்ளைகளின் கூச்சல் இல்லை. பிச்சை எளிதில் கிடைக்கவேண்டும் என்னும் நிபந்தனை ஒன்றே இந்நூல் யாரை நோக்கி எழுதப்பட்டது என்பதைக் காட்டப் போதுமானது.

ஆனால் அதே நூல் வேறொன்றையும் கூறுகின்றது. இளைஞரோ முதியவரோ நோயாளியோ மெலிந்தவரோ, விடாது பயில்பவர் எவரும் பயன் பெறுவர் என்பது அது. சிவ சம்ஹிதை இன்னும் ஒரு படி மேற்சென்று, மக்களும் சுற்றமும் நிறைந்த வீட்டில் வாழ்பவனும் பற்றின்றிப் பயின்றால் சித்தி பெறுவான் என்று தன் இறுதிப் பகுதியில் உறுதி கூறுகின்றது. எனவே கதவு முற்றிலும் அடைக்கப்பட்டிருக்கவில்லை, ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே அழைத்து வருவதற்குத்தான் ஆளில்லை.

அழைத்து வராமைக்குக் காரணங்கள் உண்டு. முதலாவது அச்சம். மூச்சைத் தவறாக அடக்கினால் புத்தி பேதலிக்கும் என்றும், யோகம் பழகுபவன் ஒருநாள் வீட்டை விட்டுப் போய்விடுவான் என்றும் குடும்பத்தார் அஞ்சினர். இவ்வச்சத்தை முழு மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுதல் இயலாது. சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவது போலப் பிராணனைச் சிறிது சிறிதாகவே வசப்படுத்த வேண்டும், அல்லாவிடில் அது பயில்பவனையே கொல்லும் என்று ஹடயோகப் பிரதீபிகையே எச்சரிக்கின்றது. இரண்டாவது, மறைபொருள் என்னும் கட்டு. வெளிப்படுத்தினால் வித்தை வலுவிழக்கும் என்பது அக்கால ஆசிரியர்களின் கொள்கை. எனவே குருவை அடுத்து, அவருக்குத் தொண்டு செய்து, அவர் மனமிரங்கிச் சொல்லும் வரை காத்திருத்தல் ஒன்றே வழியாக இருந்தது. அலுவலகத்துக்கோ வயலுக்கோ செல்லும் குடும்பத்தலைவனுக்கு அது ஆகிற காரியமன்று.

மறை நீங்கிய காலம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நிலை மாறத் தொடங்கியது. 1896ஆம் ஆண்டில் வெளிவந்த சுவாமி விவேகானந்தரின் ராஜயோகம் என்னும் நூல் படித்தவர்களிடையே யோகத்தைப் பற்றிய ஆவலைத் தூண்டியது உண்மையே. எனினும் விவேகானந்தர் தியானத்தையே முதன்மைப்படுத்தினார்; ஹடயோகத்தின் உடற்பயிற்சிகளில் அவர் அத்துணை அக்கறை காட்டவில்லை.

உடலையும் சேர்த்து இல்லறத்தாருக்குக் கற்பித்த முன்னோடிகளுள் ஒருவர் ஸ்ரீ யோகேந்திரர். 1918இல் பம்பாயை அடுத்த வெர்சோவாவில் அவர் தொடங்கிய யோக நிலையம் துறவிகளுக்காக ஏற்பட்டதன்று, குடும்பத்தினருக்காக ஏற்பட்டது. யோகேந்திரரே மணம் புரிந்து வாழ்ந்தவர். அவருடைய துணைவியார் சீதாதேவி 1934இல் பெண்களுக்கென்றே யோக உடற்பயிற்சி நூல் ஒன்றை எழுதி வெளியிட்டார். பெண்கள் பொதுவிடத்தில் உடற்பயிற்சி செய்வதை எவரும் ஒப்பாத காலம் அது. வீட்டுக்குள் யோகம் வந்ததனால் அதிகப் பயன் பெற்றவர்கள் பெண்களே என்பதைப் பின்னாளைய வரலாறு காட்டுகின்றது. அதற்கு வித்திட்டவர்களுள் சீதாதேவியார் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர்.

1924இல் சுவாமி குவலயானந்தர் லோணாவாலாவில் கைவல்யதாமத்தை நிறுவி, ஆசனங்களும் கிரியைகளும் உடலுக்குள் செய்யும் மாறுதல்களை எக்ஸ்ரே முதலிய கருவிகளால் ஆராய்ந்து, அம்முடிவுகளை யோக மீமாம்சை என்னும் இதழில் வெளியிட்டார். மறைபொருளாக இருந்தது ஆராய்ச்சிக்கூடத்து மேசைக்கு வந்துவிட்டது. அவுந்து சமஸ்தானத்து அரசர் சூரிய நமஸ்காரத்தை ஊரறியப் பரப்பினார். இன்று யோகத்தின் அரிச்சுவடியாகவே கொள்ளப்படும் சூரிய நமஸ்காரம் இப்போதைய வடிவில் பழைய ஹடயோக நூல்களில் காணப்படவில்லை என்பது பலரும் அறியாதது. மைசூர் அரண்மனையின் ஆதரவில் 1933 முதல் யோகசாலை நடத்திய திருமலை கிருஷ்ணமாசாரியார், பி. கே. எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் ஆகிய மாணாக்கர்களின் வழியாக உலகறியப்பட்டார். பின்னர்ச் சென்னையில் குடியேறி, ஒவ்வொருவரின் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்பப் பயிற்சியை மாற்றிக் கொடுத்த அப்பெரியார் 1989இல் தம் நூறாம் வயதைக் கடந்து மறைந்தார்.

இவர்கள் அனைவரும் பெரியவர்களே. எனினும் இவர்களிடம் கற்க வேண்டுமாயின் பம்பாய்க்கோ லோணாவாலாவுக்கோ மைசூருக்கோ செல்லவேண்டியிருந்தது. போகமுடியாதவர்களின் வீட்டு வாசலுக்கே, தபால்காரர் கையில் கொடுத்து, யோகத்தை அனுப்பி வைத்தவர் வேறொருவர். அவர் மலாயாவில் பத்தாண்டுகள் வாழ்ந்து சென்ற ஒரு தமிழ் மருத்துவர்.

மலாயாவில் ஒரு மருத்துவர்

திருநெல்வேலிச் சீமையில், கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடையில், 1887ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் பிறந்தவர் குப்புசாமி. சைவப் பேரறிஞர் அப்பைய தீட்சிதரின் மரபினர். தந்தையார் வேங்கு ஐயர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வருவாய்த்துறை அலுவலராக இருந்தார். குப்புசாமி எட்டயபுரத்திலும் திருச்சியிலும் படித்து, தஞ்சாவூரில் மருத்துவம் பயின்றார். இளமையிலேயே உடற்பயிற்சியில் மிக்க நாட்டம் உடையவர். 1909இல் அம்புரோசியா என்னும் ஆங்கில மருத்துவ இதழைத் தம் அன்னையார் கொடுத்த நூறு ரூபாயைக் கொண்டு தொடங்கி நடத்தினார். மருத்துவ அறிவு மருத்துவரிடமே தங்கிவிடலாகாது, படிக்கத் தெரிந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது போய்ச் சேரவேண்டும் என்பது அவர் நோக்கம். பின்னாளில் யோகத்துக்கு அவர் செய்ததும் இதுவே.

1913இல் அவர் கப்பலேறினார். ஆசாரமான குடும்பத்தினர் கடல் கடத்தலைத் தயங்கிய காலம். கப்பலில் சமைத்த உணவை உண்ணமாட்டாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகாரங்களைக் கொண்டே பயணத்தைக் கழித்தார் என்று அவர் வரலாறு கூறுகின்றது. சிங்கப்பூரில் இறங்கி, அறிமுகக் கடிதம் பெற்று, சிரம்பானை அடைந்தார். அங்கே டாக்டர் பார்சன்ஸ் என்பவர் அவரை அருகிலிருந்த ரப்பர்த் தோட்டமொன்றின் நிர்வாகியிடம் அனுப்பினார். ஓர் ஆஸ்பத்திரியைத் தனியாக நடத்த முடியுமா என்று துரை கேட்க, மூன்று ஆஸ்பத்திரிகளைக் கூட நடத்துவேன் என்று அந்த இளைஞர் விடை கூறினாராம். அன்றே வேலை கிடைத்தது.

அக்காலத் தோட்ட வாழ்வைப் பற்றி இந்நாட்டுத் தமிழருக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. காடழித்து ரப்பர் நட்ட நிலங்களில் மலேரியா கொள்ளை கொண்டது. லயங்களில் நெருங்கி வாழ்ந்த தொழிலாளருக்குத் தோட்ட ஆஸ்பத்திரியே புகலிடம். அங்கே குப்புசாமி ஏறத்தாழ ஏழாண்டுகள் பணி செய்தார். பின்னர் ஜொகூரில் மூன்றாண்டுகள். நோயாளிகளின் நிலையறிந்து தம் சொந்தப் பணத்தையும் கொடுத்து உதவுவது அவர் வழக்கமாக இருந்தது. ஓய்வு நேரத்தில் எழுதினார். மலாயா டிரிபியூன் நாளிதழுக்குக் கட்டுரைகள் அனுப்பினார். வீட்டு வைத்தியம், பழங்களும் உடல்நலமும், பொதுச் சுகாதாரச் சொற்பொழிவுகள் ஆகியவை அவர் எழுதிய சிறு நூல்களின் பொருள்கள். அவற்றுள் நோய்களின் பெயர்களுக்குரிய தமிழ்ச் சொற்களைத் தொகுத்த நூலொன்றும் உண்டு. தமிழ்த் தொழிலாளி தன் நோயை எந்தச் சொல்லால் சொல்வான், அதனை மருத்துவன் எவ்வாறு புரிந்துகொள்வான் என்பதை எண்ணிப் பார்த்த ஒருவருக்கே அத்தகைய நூலை எழுதத் தோன்றும்.

இங்கிருந்தபோதுதான் அவர் உள்ளம் திரும்பியது. தம்மிடம் சிகிச்சை பெற்ற சாது ஒருவர் கொடுத்துச் சென்ற வேதாந்த நூல் அதற்குத் தூண்டுகோலாயிற்று. சங்கரர், விவேகானந்தர், ராமதீர்த்தர் ஆகியோரின் நூல்களையும் விவிலியத்தையும் அவர் விரும்பிப் படித்தார். நாள்தோறும் பூசை, நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைப் பாடுதல், நாத லயத்திலும் சுவரத்திலும் பயிற்சி என்று மருத்துவப் பணிக்கிடையே தம் இருப்பிடத்திலேயே சாதனை செய்துவந்தார். அப்போது அவர் துறவியல்லர். மாதச் சம்பளம் வாங்கும் தோட்டத்து மருத்துவர். அவரும் தொடக்கத்தில் குருவின் ஆசிரமத்துக்குச் செல்லாமல் வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டில் பழகியவரே என்பதை அவருடைய பிற்கால நூல்களைப் படிப்பவர் மறத்தலாகாது.

1923இல் அனைத்தையும் துறந்து இந்தியா திரும்பிய அவர், நாடெங்கும் அலைந்து ரிஷிகேசத்தை அடைந்து, 1924 ஜூன் முதல் நாளன்று சந்நியாசம் பெற்றுச் சுவாமி சிவானந்த சரஸ்வதி ஆனார். லட்சுமண ஜூலாவில் இலவச மருந்தகம் வைத்துச் சாதுக்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் வைத்தியம் பார்த்தார். காவி உடுத்த பின்னும் அவருள்ளிருந்த மருத்துவர் ஓய்வு பெறவில்லை.

தபாலில் வந்த குரு

சிவானந்தரின் முதல் நூலாகிய யோகப் பயிற்சி 1929இல் சென்னையிலிருந்து ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன்பின் 1963இல் அவர் மகாசமாதி அடையும் வரை இருநூறுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதிக் குவித்தார். 1936இல் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவினார். அவர் நூல்களில் இலக்கிய நயம் தேடுபவர் ஏமாற்றமே அடைவர். ஒரே செய்தி பல நூல்களில் திரும்பத் திரும்ப வரும்; வாக்கியங்கள் மருந்துச் சீட்டுப்போல் குறுகியிருக்கும். ஆனால் அந்த மருந்துச் சீட்டு நடையே அவற்றின் வலிமை. எழுந்திரு, இவ்வளவு நேரம் இதனைச் செய், இதனை உண்ணாதே என்று அவை நேராகச் சொல்லின. அலுவலகக் கிராணியும் பள்ளி ஆசிரியரும் புகைவண்டி நிலைய அதிகாரியும் படித்தவுடன் செய்து பார்க்கக்கூடியவையாக அவை இருந்தன. வீட்டில் செய்யும் யோகப் பயிற்சிகள் என்னும் பொருளிலேயே தலைப்பிட்டு அவர் எழுதிய நூலொன்று பம்பாயிலிருந்து வெளிவந்தது. அத்தலைப்பைச் சுவாத்மாராமர் கண்டிருந்தால் திகைத்திருப்பார்.

தொடங்குபவருக்கு அவர் கூறியவை எளியவை. காற்றோட்டமுள்ள அறையில் தரையில் ஒரு கம்பளத்தை விரித்துக்கொள்க; காலையில் வெறும் வயிற்றில், அல்லது உணவுண்டு மூன்று மணி நேரமாவது சென்றபின் செய்க; வலிந்து வளைக்காதே; சில ஆசனங்களையே எடுத்துக்கொண்டு நாள் தவறாது செய்க; விட்டு விட்டுச் செய்பவனுக்குப் பயனில்லை. குடிலும் சாணமும் நீங்கிக் கம்பளமும் காற்றோட்டமும் வந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். சாளரமில்லாத அறையை மருத்துவர் ஒப்புவாரா?

குருவின்றிச் செய்யலாமா என்னும் பழைய கேள்விக்கு அவர் ஒரு கோடு கிழித்து விடை கூறினார். எளிய ஆசனங்களையும், மூச்சை நீண்ட நேரம் அடக்காத சாதாரணப் பிராணாயாமத்தையும் நூலைப் பார்த்தே ஒருவர் அச்சமின்றிச் செய்யலாம்; நெடுநேரக் கும்பகத்துக்கும் பிராண அபான சேர்க்கைக்கும் அனுபவமுள்ள குரு அருகில் இருத்தல் வேண்டும். இந்தக் கோடுதான் வீட்டு யோகத்தின் எல்லைக்கோடு. வாசலுக்கு வெளியே விடப்பட்டது எது என்று கேட்டால், இதுவே விடை. இன்றும் இக்கோட்டைத் தாண்டி, ஒளிப்படக் காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டுக் கடுமையான மூச்சடக்கலில் இறங்குவோர் உளர். அவர்கள் சிவானந்தரையும் மதிக்கவில்லை, திருமூலரையும் மதிக்கவில்லை.

குரு அருகில் இல்லாத குறையை நிரப்ப அவர் கண்ட உபாயம் ஆன்மிக நாட்குறிப்பு. மாதத்தின் நாள்களுக்குக் கட்டங்கள் போடப்பட்ட ஒரு தாள். எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணி நேரம் உறங்கினாய், எத்தனை மாலை செபம், ஆசனம் எவ்வளவு நேரம், பிராணாயாமம் எத்தனை, எவ்வளவு நேரம் மௌனம், தருமம் எவ்வளவு என்று கேள்விகள் தொடரும். நடுவிலே ஒரு கேள்வி: இன்று எத்தனை பொய் சொன்னாய், அதற்கு என்ன தண்டனை விதித்துக்கொண்டாய்? அடுத்தது, எத்தனை முறை கோபப்பட்டாய்? மாத முடிவில் அத்தாளைக் குருவுக்குத் தபாலில் அனுப்பலாம். ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டில் காலில் தொங்கும் காய்ச்சல் அட்டையை இது நினைவூட்டுகின்றது. தோட்ட ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கான அட்டைகளைப் பார்த்தவரின் கைவண்ணம் இதில் இருப்பதாகக் கருதுவது மிகையாகாது. இதில் கவனிக்க வேண்டியது, ஆசனமும் பொய்யும் ஒரே தாளில் இடம்பெற்றமை. பதஞ்சலியாரின் இயம நியமங்கள் ஒரு கட்டம் போட்ட காகிதத்தின் வழியாக வீட்டுக்குள் வந்தன. ஆசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும் இந்நாளைய வழக்கம் பின்னால் வந்தது.

ஒன்றில் மட்டும் சிவானந்தரின் அறிவுரையை இன்று அப்படியே பின்பற்றுதல் தகாது. சிரசாசனத்தை ஆசனங்களின் அரசன் என்று அவர் போற்றித் தொடங்குபவருக்கும் பரிந்துரைத்தார். தலைகீழாக நிற்கும்போது கண்ணழுத்தம் உயர்வதையும், கழுத்தெலும்பின் மீது பாரம் ஏறுவதையும் இன்றைய மருத்துவம் நன்கறிந்துள்ளது. உயர் இரத்த அழுத்தம், கண்ணழுத்த நோய், கழுத்துத் தேய்வு உடையோர் அதனைத் தவிர்த்தல் வேண்டும். ஏனையோரும் தேர்ந்த ஆசிரியர் அருகில் இல்லாமல் தொடங்கலாகாது. மருத்துவராக இருந்த சிவானந்தர் இன்று இருந்தால் தாமே அவ்வரியைத் திருத்தியிருப்பார்.

மாணாக்கர் வழி

சிவானந்தரிடம் பயின்றவர்கள் உலகின் பல திசைகளுக்குச் சென்றனர். சுவாமி விஷ்ணுதேவானந்தர் 1957இல் மேல்நாடுகளுக்குப் புறப்பட்டு, 1960இல் படங்களுடன் கூடிய முழுமையான யோக நூலை வெளியிட்டார். உடற்பயிற்சி, மூச்சு, ஓய்வு, உணவு, எண்ணம் என்று அவர் ஐந்தாகச் சுருக்கிக் கூறியது புதியவர்களுக்குப் பெரிதும் உதவியது. பீகாரில் முங்கேரில் யோகப்பள்ளி நிறுவிய சுவாமி சத்தியானந்தர், கால் விரல் தொடங்கிக் கழுத்து வரை மூட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துத் தளர்த்தும் பவனமுக்தாசன வரிசையை அமைத்தார். நாற்காலியில் அமர்ந்தே வேலை பார்த்து இடுப்பு இறுகிப்போனவர்களுக்கும் முதியவர்களுக்கும் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை எனலாம். இந்நாட்டில் பத்துமலையில் உள்ள சிவானந்தாசிரமம் அம்மரபின் விளக்கை ஏற்றி வைத்துள்ளது.

வேறு மரபுகளிலிருந்தும் வீட்டுக்கு வழி திறந்தது. ஐயங்காரின் யோகநூல் 1966இல் வெளிவந்து, 200 ஆசனங்களை ஏறத்தாழ 600 படங்களுடன் விளக்கி, 300 வாரங்களுக்கான பாடத்திட்டத்தையும் தந்தது. முந்நூறு வாரம் என்பது ஏறத்தாழ ஆறாண்டுகள். ஒரே மாதத்தில் எல்லாம் கைவந்துவிடும் என்று எண்ணுவோர் இக்கணக்கைப் பார்த்தல் நன்று. தமிழகத்தில் கூடுவாஞ்சேரியைச் சேர்ந்த நெசவாளர் வேதாத்திரி மகரிஷி 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கி, இல்லறத்தில் இருந்துகொண்டே, இல்லறத்தாருக்கென்று எளியமுறை உடற்பயிற்சியையும் தியானத்தையும் தமிழிலேயே வகுத்தளித்தார். 2006இல் அவர் மறைந்தார். மனவளக்கலை மன்றங்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இயங்குகின்றன. ஆங்கிலம் அறியாத தாய்மார்களிடம் யோகம் சென்று சேர்ந்ததில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு.

ஐக்கிய நாடுகள் சபை 2014 டிசம்பரில் ஜூன் 21ஆம் நாளை அனைத்துலக யோக நாளாக அறிவித்தது. 2016இல் யுனெஸ்கோ யோகத்தை மனித குலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. விழாக்களில் மைதானங்கள் நிறைந்தன. ஆனால் யோகத்தை மீண்டும் வீட்டுக்குள் தள்ளியது விழா அன்று; நோய்த்தொற்று. 2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது ஆலயங்களும் மண்டபங்களும் அடைக்கப்பட்டன. வகுப்புக்குச் சென்று பழகியவர்கள் வரவேற்பறையில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுக் கைப்பேசித் திரையின் முன் விரிப்பை விரித்தனர். தபாலில் வந்த குரு இப்போது திரையில் வந்தார். திரையின் குறை, ஆசிரியரை மாணவர் காண்பது போல மாணவரின் முதுகு வளைந்திருப்பதை ஆசிரியர் காண முடியாமை.

புதிதாகத் தொடங்குவோர்க்கு

இவ்வரலாற்றை அறிந்தவர் வீட்டில் தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. வழுக்காத விரிப்பு ஒன்று. பத்தமடைப் பாயாயினும் பழைய கம்பளமாயினும் தரையில் வழுக்காதிருந்தால் போதும். முதலில் நின்றும் அமர்ந்தும் மூட்டுகளைத் தளர்த்துதல்; பின் தாடாசனம், புஜங்காசனம், பாதி அளவான பச்சிமோத்தாசனம் போன்ற நான்கைந்து எளிய ஆசனங்கள்; இறுதியில் சவாசனத்தில் ஐந்து நிமிடம் அசையாது கிடத்தல். மூச்சை மூக்கின் வழியாகவே விடுக. மூச்சு வாங்கத் தொடங்கினால் அந்நிலையை விட்டுவிடுக. மூச்சே உள்ளிருக்கும் ஆசிரியர். பின்னர்ச் சுகாசனத்தில் அமர்ந்து, அடக்காமல், உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதைச் சற்று நீட்டிச் சில நிமிடம் மூச்சைக் கவனித்தால், அதுவே செபத்துக்கு வாயிலாகும். இருபது நிமிடம் தாராளம். சவாசனத்தை வீண்பொழுது என்று கருதிப் பலரும் விட்டுவிடுகின்றனர். அவசரமாக வேலைக்குப் புறப்படும் நாளில் வேறோர் ஆசனத்தைக் குறைத்துக்கொண்டு சவாசனத்தைச் செய்வதே நல்லது.

கர்ப்பிணிகளும், இருதய நோயாளிகளும், முதுகெலும்புத் தட்டு விலகியவர்களும் மருத்துவரைக் கேட்டபின்பே தொடங்கவேண்டும். வலி வேறு, இழுப்பு வேறு. மூட்டுக்குள் குத்தும் வலி தோன்றினால் அன்றைக்கு நிறுத்திவிடுதலே முறை.

தைப்பூச விரதம் மேற்கொள்ளும் அன்பர்களுக்கு இப்பயிற்சி பெரிதும் பொருந்துவது. விரத நாள்களில் அதிகாலை நீராடலும் வெறும் வயிறும் மரக்கறி உணவும் அடங்கிய பேச்சும் தாமே அமைந்துவிடுகின்றன. பதஞ்சலியார் முதற்படியில் வைத்தவற்றுள் பலவும் இவையே. காவடி சுமந்து நெடுந்தூரம் நடந்து, பத்துமலையின் 272 படிகளையும் ஏறவேண்டியவருக்கு முழங்காலும் கணுக்காலும் மூச்சும் முன்கூட்டியே பழகியிருத்தல் நலம். விரதம் தொடங்கும் நாளிலேயே மூட்டுத் தளர்த்தும் பயிற்சிகளையும் எளிய மூச்சுப் பயிற்சியையும் தொடங்கினால் பூசத்துக்குள் உடல் ஓரளவு பழகிவிடும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்வோர் விரதத்தையும் பயிற்சியையும் ஒருசேரத் தொடங்குவதற்கு முன் தம் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். நீரிழிவுக்கு மருந்து உண்போருக்கு இது இன்னும் கட்டாயம்.